மோகனைத் தேடிய பிரிண்டர்

வீடு வீடாகப் போய் பிரிண்டர் மாட்டித் தருகிற தொழிலில் ஒரு விசேஷம், மெஷின் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் நம் பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. பேப்பர் சிக்கினால், இங்க் காய்ந்தால், நாளைக்கு விசா இண்டர்வியூ என்கிற நேரத்தில் வைஃபை காணாமல் போனால், அப்போதுதான் "கலாக்கா, எங்க இருக்கீங்க?" என்று போன் வரும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே, மேஜை மூலையில் துண்டு போர்த்திக்கொண்டு? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், உட்காருங்கள்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. வீட்டிலேயே ஆபீஸ் என்று ஊர் ஆரம்பித்த பிறகு கடையில் இருப்பதைவிட ஸ்கூட்டரில் இருப்பதுதான் அதிகம். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும். சாயங்காலம் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றவளுக்கு வேறு எந்தப் பேய் பயம் காட்ட முடியும்? இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி நினைக்கக்கூடாது.

மாமனார் மூக்கு

முதலில் ஒரு சின்னப் பாடம், பின்னால் உதவும். நம்மவர்கள் புது மெஷின் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப், பிரிண்டர், எல்லாவற்றுக்கும் குங்குமம். தாராளமாக வைக்கட்டும், கேட்டால் நானே வைத்துக்கொடுப்பேன். ஆனால் எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு கண்டிஷன். ஆல்-இன்-ஒன் என்றால் பிரிண்டும் எடுக்கும், காப்பியும் எடுக்கும், ஸ்கேனும் செய்யும். மேல் மூடியைத் திறந்தால் ஒரு கண்ணாடி. பேப்பரை அதன்மேல் கவிழ்த்து வைத்தால் கீழேயிருந்து வெளிச்சம் ஓடிப் படம் பிடிக்கும். அந்தக் கண்ணாடியில் என்ன ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது ஒவ்வொரு காப்பியிலும் வந்து நிற்கும். எறும்பு செத்துக்கிடந்தால் எறும்பு வரும்.

எங்கள் ஏரியாவிலேயே பாஸ்கர் சார் என்று ஒருத்தர், வீட்டிலிருந்தே இன்ஷூரன்ஸ் பார்க்கிறவர். வெளியே வைத்தால் போதாது, உள்ளேயும் வைக்கணும் என்று மூடியைத் திறந்து கண்ணாடியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். மாமனாரின் ஆதாரைக் காப்பி எடுத்தால், பெரியவர் மூக்கு நுனியில் செக்கச்செவேல் என்று ஒரு வட்டம். "ஐயோ சார், இதுக்குத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே துணியை எடுத்தேன். சார் அந்தக் காப்பியைத் தூரத்தில் பிடித்து ரசித்துப் பார்த்தார். "இருங்க மேடம், துடைக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு எடுத்துக்கறேன். கல்யாணமான நாள்லேருந்து அந்த மூஞ்சில ஒரு களையே பார்த்ததில்ல."

எது வாங்கலாம்?

இப்போது வசந்தி கதைக்கு வருகிறேன். மிச்சம் எல்லாமே அவள் வீட்டில் நடந்ததுதான்.

வசந்தி ஹெப்பகோடியில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தாள். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். புருஷன் மோகன் பக்கத்திலேயே ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஒருநாள் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனவர், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. குழந்தை இல்லை. கொழுந்தன் சேகர் ஊரிலிருந்து வந்து, "வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்க அண்ணி" என்று நின்றிருக்கிறான். கெட்டவன் இல்லை அவன். ஆனால் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று வசந்திக்குத் தெரியும். "ஒரு ரூமைக் கொடுத்து உட்கார வெச்சுருவாங்க அக்கா. நான் பி.காம். படிச்சது அந்த ரூமுக்கா?" சுற்றிலும் இருக்கிற சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளுக்கு சம்பளக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துத் தருவதாக அவள் திட்டம். அது ஓடினால் பெங்களூர். ஓடாவிட்டால் அந்த ரூம்.

அதனால்தான் என் கடைக்கு வந்தாள். எல்லாரையும் கேட்கிற கேள்வியை அவளையும் கேட்டேன். தினமும் பிரிண்ட் எடுப்பாயா, எப்போதாவதா? கலர் வேணுமா? ஸ்கேன் எவ்வளவு? தினமும் என்றால் சும்மா கார்ட்ரிட்ஜ் வாங்கி அழாதே, பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றுகிற டேங்க் மாடல் வாங்கு. வைஃபை இருக்கட்டும், ஒயரைத் தேடி அலைய வேண்டாம். கலர் பார்த்து, பளபளப்பு பார்த்து வாங்குகிற கூட்டத்தில் இவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "இது சத்தம் போடுமாக்கா?" போடும்தான், மறைக்கவில்லை, சொன்னேன். "அப்ப இதையே குடுங்க. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

மோகன், மோகன்

மறுநாளே ஹெப்பகோடி போனேன். மெஷினைப் பிரித்து, ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்து, நாலு டேங்கிலும் இங்க் ஊற்றினேன். "பொட்டு வைம்மா" என்றேன், வழக்கம்போல. அவள் குங்குமச்சிமிழை எடுத்து வந்து திறந்தாள். கை மெஷின் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "நான் வைக்கக்கூடாதுன்னு ஊர்லேருந்து வந்தவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க அக்கா. நீங்க வைங்க." அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். யார்மேல் என்று சொல்லத் தெரியாத ஒரு எரிச்சல். மெஷினின் முன்பக்கத்தில் பட்டனுக்கு மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டு, சிமிழைச் சாமி அலமாரியில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்து வைஃபை. மெஷினின் குட்டித் திரையில் பக்கத்து வீடுகளின் பேரெல்லாம் வரிசையாக வந்தது. "உங்களுது எது?" "மோகன்." அவர் பேரையே வைத்திருக்கிறார். "பாஸ்வேர்டு?" "என் பேருதான் அக்கா." அடித்தேன். திரையில், மோகனைத் தேடுகிறது, மோகனைத் தேடுகிறது என்று இங்கிலீஷில் ஓடியது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரை அது இப்படித் தேடியிருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. அன்றைக்கு அந்த ஹாலில், நட்ட நடுப் பகலில், வெளியே கம்பெனி கேப் ஹாரன் அடிக்கிற சத்தம் நடுவில், திரையைத் தொட்ட விரலை எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு பீப். மோகன் கிடைத்தாயிற்று. "பேரை மாத்திடலாமா வசந்தி? ஒரு நிமிஷ வேலைதான்" என்றேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இருக்கட்டும் அக்கா. இந்த வீட்டுல அந்தப் பேரைக் கூப்பிட வேற யாரு இருக்கா?"

ஹெல்மெட்காரர்

கொஞ்ச நாளில் போன். "அக்கா, மெஷின் தானா பிரிண்ட் போடுது. சேகர் வந்திருக்கார். அவர் பார்த்துட்டார்." குரலே சரியில்லை. ஓடினேன். சேகர் வாசலுக்கு வெளியே, செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு நின்றான். உள்ளே வரமாட்டேன் என்றான். ட்ரேயில் ஒரு பேப்பர் கிடந்தது. கோட்டுப் படம். ஒரு ஆம்பளை, தலையில் ஃபேக்டரி ஹெல்மெட், கையில் சாப்பாட்டுப் பை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் தொழில்காரி இல்லையா? மெஷினுக்குள் வந்த வேலையைப் பார்த்தேன், ஏதோ ஒரு போனிலிருந்து நேராக வந்திருந்தது. இந்த மெஷின்களை வைஃபை இல்லாமலேயே பக்கத்தில் இருக்கிற போனிலிருந்தும் பிடிக்கலாம். கம்பெனிக்காரன் அந்தக் கதவைத் திறந்தபடியேதான் அனுப்புவான். கீழ்வீட்டில் கேட்டால், அங்கேயும் அதே மாடல். அந்த அம்மா தன் பிரிண்டர் என்று நினைத்து நம்மதைத் தொட்டிருக்கிறாள். குழந்தைக்கு ஸ்கூலில் கொடுத்த வேலை, 'நமக்கு உதவுகிறவர்கள்'. முகத்தைக் குழந்தை வரைந்து கலர் அடிக்க வேண்டுமாம், அதனால்தான் வெள்ளை. "அய்யோ, சாரி ரீ, நம்ம பாப்பாவுது அது!" என்று அந்த அம்மா கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் பேப்பரை வாங்கிக்கொண்டு போனாள். திறந்திருந்ததை அடைத்துவிட்டு, சேகருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு மெல்லக் கேட்டான். "எல்லாம் சரிங்க. போலீஸ்காரர் படம் இருக்கும், டாக்டர் படம் இருக்கும். இந்தப் படம் மட்டும் எதுக்கு எங்க அண்ணன் வீட்டுக்கு வரணும்?"

இருமல்

டேங்க் மாடல் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது சும்மா இருக்காது. இங்க் காயாமல் இருக்க அவ்வப்போது தானாக எழுந்து, க்ர்ரும் க்ர்ரும் என்று தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வசந்தி காலையில் வேலையை முடித்து விடுவாள். மத்தியானம் மெஷின் எழுந்து க்ர்ரும் என்னும். நான் விளக்கிவிட்டுப் போன பிறகு உள்ளே வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த சேகர் அதைக் கேட்டிருக்கிறான். மோகன் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால், ஷூவைக் கழற்றும்போது தொண்டையைச் செருமுவாராம். அதே நேரம். அதே செருமல். சேகர் சட்டையைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பஸ் ஏறிவிட்டான். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் அடித்து, "அண்ணன் இன்னும் போகல அண்ணி. இனி அந்த வீட்டுல நீங்க இருக்க வேணாம். ஞாயித்துக்கிழமை டெம்போ எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டான்.

வசந்தி போனில் இதைச் சொன்னதும் ஹெப்பகோடிக்கு ஓடினேன், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மெஷின் தொண்டையைச் செருமினால் ஒரு பெண் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா? அதுவும் இப்போது? ஒரு பெரிய பேக்கேஜிங் கம்பெனி அவளுக்குக் கணக்கு வேலையைத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை போட்டோவும் ஆதாரும் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டால் வேலை அவளுடையது. "நானும் ஞாயித்துக்கிழமை வர்றேன். அவன் முன்னாடியே எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டறேன். இப்ப அந்தச் சத்தத்தை மட்டும் வேற நேரத்துக்குத் தள்ளி வெச்சுடறேன், இரு" என்று பட்டனில் கை வைத்தேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் எழுந்து டீயே போடறேன்."

அட்டைப்பெட்டிகளும் ஒரு போட்டோவும்

ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போதே டெம்போ கீழே நின்றது. ஹாலில் சேகர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். வசந்தி சுவரோரமாக நின்றாள். நான் மூச்சு விடாமல் பேசினேன். ஹெல்மெட் கீழ்வீட்டுக் குழந்தையுடையது. செருமல் இங்க். மோகன் என்று திரையில் வருவது வைஃபை பேர். ஒவ்வொன்றாக நடத்திக் காட்டினேன். "ஆக, இதுல பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கையைத் தட்டினேன். சேகர் குனிந்தபடியே ஒரு பெட்டியின் மூடியை அமுக்கிச் சேர்த்தான். கண் கலங்கியிருந்தது. "அப்ப அண்ணன் இங்க இல்ல. இல்லாத வீட்டுல அண்ணி தனியா எதுக்கு இருக்கணும்?" என்று டேப்பைக் கையில் எடுத்தான்.

என் புத்திசாலித்தனத்தாலேயே அவளை டெம்போவில் ஏற்றிவிட்டேனே! வசந்தி சுவரை விட்டு நகர்ந்தாள். நேராக மெஷினிடம் போனாள். "நாளைக்குக் குடுக்கணும். காப்பியாவது எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். புதிதாக எடுத்த போட்டோ, வெறும் நெற்றி. அதைக் கண்ணாடியின் மூலை அடையாளத்தோடு சேர்த்துக் கவிழ்த்து, மூடி, பட்டனை அமுக்கினாள். வெளிச்சம் ஓடியது. பேப்பர் வந்தது. ட்ரேக்குப் பக்கத்தில் நின்ற சேகர்தான் எடுத்தான். எடுத்தவன் அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். பேப்பரில் வசந்தி, நெற்றி நடுவில், இரண்டு புருவத்துக்கும் மத்தியில், சிவப்பாக ஒரு பொட்டு.

சேகர் மூடியைத் திறந்து போட்டோவை எடுத்துப் பார்த்தான். வெறும் நெற்றி. திரும்ப அதே மூலையில் அவனே வைத்து அமுக்கினான். மறுபடியும் பொட்டு. அவன் பார்த்ததெல்லாம் போட்டோவையும் பேப்பரையும்தான். கண்ணாடியை நான் பார்த்தேன். குங்குமம், காய்ந்து ஒட்டியபடி, வட்டமாக, அழகாக. பாஸ்கர் சார் மாமனார் மூக்கு ஞாபகம் வந்தது. கையில் துணி இருந்தது, குனியக்கூடச் செய்தேன். ஒரு வார்த்தை சொல்லித் துடைத்திருந்தால் முடிந்தது கதை. வசந்தியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி கெட்டிக்காரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மூடியை மெல்ல மூடினேன். என் தொழிலில் காரணம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது அன்றைக்குத்தான். சேகர் அட்டைப்பெட்டியின்மேலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். பிறகு ஒட்டிய டேப்பையெல்லாம் பிய்த்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பொட்டு வெச்சுக்குங்க அண்ணி. அண்ணன் உங்களை இங்கேயே இருக்கச் சொல்றான், நான் யாரு நடுவுல?"

யார் வைத்தது?

அவனை வழியனுப்ப வசந்தி கீழே போனபோது நான் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, ஒரு நல்ல காப்பியும் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சில விஷயங்களைப் பேசினால் கெட்டுவிடும்.

மறுபடி நான் அங்கே போனது இங்க் ஊற்றத்தான். இப்போது வீட்டில் இரண்டு மேஜை, ஃபைல், காலண்டர், ஒரே பரபரப்பு. கணக்கு வேலை பிய்த்துக்கொண்டு போகிறது. வசந்தி நெற்றியில் சின்னதாகக் குங்குமம். பார்க்கவே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டீயை வாங்கிக்கொண்டு, "ஆனாலும் நீ பலே ஆளும்மா, சரியா நெத்திக்கு நேரா வர்ற இடமாப் பார்த்துக் கண்ணாடியில வெச்சியே!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னக்கா சொல்றீங்க? நீங்கதானே வெச்சீங்க? நீங்க அலமாரியில வெச்சதுக்கப்புறம், சேகர் சொல்ற வரைக்கும் நான் அந்தச் சிமிழைத் தொடவே இல்லியே!"

முன்பக்கம் நான் வைத்தது உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மூடியிருந்த மூடிக்குள் உதிர்ந்த குங்குமம் வட்டமாகவா விழும்? சொன்ன எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருவரும் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம். அது எழுந்தது. க்ர்ரும், க்ர்ரும். திரையில் மோகனைத் தேடுகிறது என்று ஓடி, ஒரு பீப். வசந்தி எழுந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உள்ளேயிருந்து சாதாரணமாகத்தான் குரல் கொடுத்தாள். "உங்களுக்கு இன்னொரு டீ போடட்டுமாக்கா, எப்படியும் போடத்தான் போறேன்."

இத்தனை வருஷ அனுபவத்தில் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், எந்த பிரிண்டரை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் வீட்டு வைஃபைக்கு யார் பேரை வைக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்து வையுங்கள், அது தினமும் கூப்பிடும்.